அப்பா கொடுத்த காற்று

நீளநீளமான பாட்டுகளை வாசிக்கும் வெளிநாட்டு ராக் குழு ஒன்றின் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரி வீடியோவை மகன் டிவியில் போட்டான். நடுவில் கீபோர்டுக்காரரின் காலடியிலிருந்த பெடல் மிதி நழுவியது. நரைத்த பாடகர் மண்டியிட்டு அதைப் பிடித்தபடியே பாடினார்.

எனக்கு அப்பா நினைவு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் எங்கள் இடுக்கி எஸ்டேட் கோவிலில் ஒரு மாதா திருநாள். அம்மா காலால் மிதித்துக் காற்றடித்து வாசித்த கால் ஆர்மோனியத்தில், மிதியைத் துருத்தியோடு இணைக்கும் வார் பூசை நடுவே அறுந்துபோனது. ஆண்கள் பக்கமிருந்த அப்பா எழுந்து பெண்கள் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தார். கடைசிப் பாட்டுவரை வாரைக் கையால் இழுத்து இழுத்துக் காற்றுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மாமா, "என்னவே மச்சான், பொண்டாட்டி காலடியிலயே உக்காந்துட்டீரே?" என்றார்.

அப்பா சிவந்த உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். "மாதா பாட்டு பாதியில நிக்கலாமாவே?"

வீடியோவில் கைதட்டல் ஓயவில்லை. அதில் அப்பாவுக்கும் பங்குண்டு என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.