அஸ்ஹருக்குக் கீழே அம்ஹா

எங்கட ஜமாஅத்துக் குடும்ப விபரங்களைப் போனில பார்க்கிற மாதிரிச் செய்து தரச்சொல்லி அஸ்ஹரைப் பிடிச்சது நான்தான். பள்ளிவாசல் செயலாளர் வேலை எனக்கு. தலையிடிக்குப் பஞ்சமில்லாத வேலை.

அஸ்ஹர் மருதமுனையில ஒரு வாடகை அறையில தனிய இரிக்கிறவன். வீட்டில இரிந்தே கொம்பியூட்டர் வேலை செய்றான். எங்கட பக்கம் வீடு பொம்புளைக்குத்தான். பொஞ்சாதியோட ஒத்துவராமத் தலாக் ஆன அண்டைக்கு, உடுப்புப் பேக்கோடயும் லெப்டொப்போடயும் வெளிய வந்தான். மகள் அம்ஹா அப்ப சின்னப்புள்ள. அதுக்குப் பொறகு அவள் இவனோட கதைக்கிறல்ல. உம்மாட கண்ணீரைப் பார்த்து வளந்த புள்ள, அவளைக் குறை சொல்லேலா.

ஜமாஅத்து விபரமெல்லாம் கொழும்பில ஒரு சேவரில கெடந்திச்சி. கேட்டா ரெண்டு பட்டியலா அனுப்பும். ஏபிஐ என்டு அதுக்குப் பேராம். ஒண்டில பெரியாக்கள், ஆளுக்கொரு பதிவு இலக்கத்தோட, மத்ததில புள்ளைகள். ஒவ்வொரு புள்ளைக்குப் பக்கத்திலயும் வாப்பாட இலக்கமும் உம்மாட இலக்கமும் இரிக்கும். புள்ளைகளை ஒவ்வொண்டா எடுத்து, இலக்கம் ஒத்துவாற ஆளுக்குக் கீழ சேர்க்கணும். அவ்வளவுதான்.

செய்து கொண்டுவந்தான். திறந்து பார்த்தா என்ட சொந்த மகன் உம்மாட குடியில இல்லாம என்ட குடியில, என்ட வம்சத்தில நிக்கிறான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிட்டு.

"நீ இந்த ஊரில பொறந்தவன்தானே? குடி உம்மா வழியில வாறது தெரியாதா ஒனக்கு? பள்ளிய நடத்துற மரைக்காயர்மார் கண்டா என்னைப் பள்ளியால தொரத்துவாங்க."

"தெரியும் காக்கா."

"தெரிஞ்சுமா வாப்பாமாருக்குக் கீழ சேர்த்தாய்?"

அவன் போனை வாங்கி அவன்ட பேரைத் தொட்டான். கீழ அம்ஹாட பேர் வந்திச்சி.

"உம்மா வழியில சேர்த்தா எனக்குக் கீழ ஒண்டும் வராது. கொஞ்ச நாளைக்கு இப்படிப் பார்த்துக்கிட்டு இரிப்பம் என்டு நினைச்சன்."

எனக்கும் பொம்புளைப் புள்ளைகள் இரிக்கி. ஆனா ஊர் வழமைய ஒராளுக்காக மாத்தேலுமா? மாத்திக் கொண்டாடா என்டன். வாப்பா என்ட ஒரு சொல்லை உம்மா என்டு மாத்தினாக் காணுமாம். அம்ஹா உம்மாட குடிக்குப் போயிட்டாள், இவன்ட பேர் தனிய நிண்டிச்சி. பாவம் மனிசன்.

நிக்காஹ் வந்தா, பொண்ணுக்குப் பொறுப்பா நிண்டு கட்டிக்குடுக்கிற வலீயத் தேடி நான் ஊரெல்லாம் அலையேலா, அதுக்கும் ஒரு வழி செய் என்டன். அந்த வேலைய மட்டும் ஆசையோட செய்தான். நாள் பதிஞ்ச உடனே வாப்பாட இலக்கத்தைத் தேடி அவர்ட போனுக்குத் தானாத் தகவல் போகும்.

"வலீ வாப்பாதானே காக்கா. அண்டைக்காவது அவள் என்னைக் கூப்பிடத்தானே வேணும்," என்டான்.

"ஓம்டா, கூப்பிடாம எப்படி?" என்டன். அந்த ஒரு போன் கோலை நம்பித்தான் அவன் நாளைக் கடத்தினான் என்டு எனக்கு நல்லாத் தெரியும்.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொறகு அம்ஹாட மாமா வந்து நிக்காஹ் நாளைச் சொன்னார். பதிஞ்சம். அஸர் தொழுதிட்டு வெளிய வந்தா, வாசலில அஸ்ஹர் போனும் கையுமா நிக்கிறான். கோல் வந்திட்டு என்டு எனக்குச் சந்தோசம்.

"மகள் கோல் எடுத்தாளா?"

போனை நீட்டினான். 'அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மகளின் நிக்காஹ்வுக்கு வலீயாகச் சமுகமளிக்கவும்.'

"இல்ல காக்கா," என்டான். "இது நான் எழுதின வசனம்."