நஸார் பாலில் தேசிக்காய் பிழிந்த நாள்

சூடு ஆறிய பால்மாவும் ரப்பரும் சேர்ந்தால் ஒரு மணம் வரும்... பதினொரு மாதம் எங்கள் வீட்டு நடு அறை அப்படித்தான் மணத்தது.

பாரிசவாதம் வந்து என் புருசனுக்கு விழுங்க முடியாமல் போனது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பது வருசமாக "உப்புக் காணா" என்று பீங்கானைத் தள்ளிய மனுசன், ஒரு நாளைக்கு ஆறு தரம் நான் ஊற்றியதை ஒரு முறைப்பாடும் இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி யோசிப்பேன்... நாக்கைத் தொடாமல் போகிற பால் இவருக்கு எப்படித் தெரியும்? வயிறு நிறைந்தால் விளங்குமா? அவருக்கோ கதை பேச்சு வரவில்லை.

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பிஸ்கட், கேக் எல்லாம் வரும். தின்றது நான்தான். நானோ இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரி... காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. கிளினிக் திகதி மூன்று தரம் தவறிவிட்டது. பகல் பாலை ஊற்ற ஒருவர் இருங்கள் என்றால், எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

கடைசியில் புருசனின் தம்பி நஸாரைப் பிடித்தேன். ஆழ்கடலுக்குப் போகிறவன்.

"சுறா ஏத்துற கை, இந்த டியூப்புக்கு நடுங்குதோ?"

"சுறா செத்த பிறகுதான் மதினி ஏத்துற. என்ட கூடப்பிறந்த காக்கா உசிரோட கிடக்காரு."

நாலு நாள் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். தலையை உயர்த்து, மூக்கடியில் உள்ள அடையாளம் அசைந்திருக்கா பார், முதல் தண்ணீர், பிறகு பால், தானாக இறங்கட்டும், அமுக்காதே... பிடித்துக்கொண்டான். ஐந்தாம் நாள் பாலைக் கரைத்து மூடிவைத்துவிட்டு கிளினிக் போனேன்.

எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர்தான். போன் வந்தது.

"மதினி, பால் இறங்குதில்ல."

"என்ன செஞ்சாய்?"

"ஒண்டும் செய்யல்ல... பாக்கச் சொதி மாதிரிக் கிடந்திச்சு. புளி விட மறந்திட்டீங்க எண்டு அரைவாசித் தேசிக்காய் புழிஞ்சன்."

எங்கள் பக்கத்தில், அடுப்பால் இறக்கிய தேங்காய்ப்பால் சொதியைக் கண்டால் கை தானாகத் தேசிக்காயைத் தேடும். பால் திரைந்து டியூப்புக்குள் கட்டியாகிவிட்டது.

நம்பரை விட்டுவிட்டு ஓடினேன். அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்ப் புது டியூப் போட்டோம். நஸார் ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் முகம் செத்து நின்றான். நேர்ஸ் ஏசுவார் என்றுதான் நினைத்தேன்.

"இவருக்குப் பால் குடுக்க வீட்டுல எத்தின பேருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான் மிஸ். இவனுக்கு முக்காவாசி."

சிரித்துவிட்டார். "நீங்க விழுந்தா அவரை ஆரு பாக்குற? ரெண்டாவது ஆள் ஒண்டு கட்டாயம் வேணும். நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க."

மறுநாள் இருவரையும் வைத்துச் செய்து காட்டினார். அடைத்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பது வரை. அதுவரை அப்படி ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. அடுத்த கிழமை கிளினிக்கில் என் பெயர் கூப்பிடும்வரை இருந்தேன். புண்ணுக்கு மருந்து கட்டினார்கள்.

விழுங்க முடிந்து டியூப்பைக் கழற்றி, பேச்சும் கொஞ்சம் திரும்பிய பிறகு அவரிடம் கேட்டேன், பால் எப்படித் தெரிந்தது என்று.

"நெஞ்சுக்குள்ளால சூடொண்டு இறங்கும். அவ்வளவுதான். நஸார் ஊத்தினா அதுவும் நடுங்கி நடுங்கி இறங்கும்."

இப்போது ஊரில் யாராவது டியூப்போடு வீட்டுக்கு வந்தால், நான் சும்மா பார்த்துவிட்டு வருவதில்லை. போன கிழமை மருதமுனையில் ஒரு வீடு. வாப்பாவைப் பார்ப்பது மகள் ஒருத்திதான். பகல் பாலை நான் ஊற்றுகிறேன், உனக்கு என்ன செய்ய விருப்பம் என்று கேட்டேன். அந்த நாளையில் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை...

பின்னிக் கிடந்த தலைமயிரைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலைக்குத் தண்ணி வாக்கட்டா ராத்தா?"

பால் இறங்கி முடிந்தது. அவரைச் சாய்த்து வைத்து அரை மணித்தியாலமும் போனது. கிணற்றடியில் வாளிச் சத்தம் நிற்கவேயில்லை...

நான் கூப்பிடவில்லை.