கொடியேறிய கிழமையில் அருளம்பலத்தார் சுட்ட மாம்பழம்

இணுவிலில் அந்தக் கிழமை ஒரு கதை நடமாடியது. கோயிலில் கொடியேறி மூன்று நாளாகவில்லை, ஊரே மரக்கறியோடு இருக்கிறது, அருளம்பலம் மட்டும் முட்டை அடித்துக் கேக் சுடுகிறாராம். கிணற்றடியில் ஒரு முட்டையாகப் புறப்பட்ட கதை சந்திக்கு வந்தபோது ஆறு முட்டையாகியிருந்தது. கோயில் வாசலை மிதித்தபோது கோழியே வந்துவிட்டது.

கதையைச் சோதிக்கப் போனவர்கள் முதலில் ஆளைச் சோதித்திருக்க வேண்டும். அருளம்பலத்தார் இருபத்திரண்டு வருடம் கப்பலில் சமைத்த குசினிக்காரர். எழுபத்துமூன்றாம் ஆண்டில் கரைக்கு வந்தார். உடம்பு மட்டும்தான் வந்தது. வீட்டு விறாந்தையில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடப்பார், திரும்புவார், நடப்பார். மனைவி அருந்ததி பாயை விரித்துக் கொடுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த நடைக்கு அந்தக் கிழமை ஒரு காரணமும் சேர்ந்திருந்தது. தேர்த் திருவிழாவன்று மடத்தில் அன்னதானம். பெரிய கிடாரத்துக்கு முன்னால் அகப்பையோடு நிற்க அவருக்கு ஆசை. கப்பலில் மாடும் பன்றியும் வெட்டிய கை மடத்துச் சோற்றைத் தொடலாமோ என்று ஊர் இழுத்தது. முடிவு கோயில் மனேச்சர் தில்லைநாதன் கையில். அவர் வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருந்தார்.

வெள்ளி வரைக்கும் சும்மா இருந்திருந்தால் கதையே இல்லை. வியாழக்கிழமை காலை முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கீழ் பதினொரு பழம் விழுந்து கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில், கோடை வெய்யிலில், ஒரு கிழவி கூடையோடு விற்ற பீச் பழம் நினைவுக்கு வந்தது. பூனைக்குட்டி போலத் தோலில் மயிர் படர்ந்த பழம். அதை வெட்டிச் சீனியில் புரட்டி, மேலே மாவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுச் சுட்டால் அதுதான் கொப்ளர். கப்டனே கிண்ணத்தை வழித்து நக்கினாராம். ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

பீச்சுக்குப் பதில் மாம்பழம். பங்கீட்டுக் கூப்பன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய கோதுமை மா இரண்டு சுண்டு, வீட்டு வெண்ணெய், புளித்த தயிர், ஒரு சிட்டிகை அப்பச்சோடா. முட்டை? அந்தப் பண்டத்துக்கு முட்டையே தேவையில்லை. ஆனால் மேலும் கீழும் சூடு தரும் போறணை வேண்டும். அதற்குப் பதிலாகப் பக்கத்து ஒழுங்கைக் கிறிஸ்தவர் செபமாலையிடம் கனத்த இரும்புச் சட்டியை மூடியோடு இரவல் வாங்கினார். பேக்கரியில் வேலை செய்து ஓய்ந்த செபமாலை, சட்டி திரும்பி வரும்போது வெறுமையாக வராது என்று தெரிந்த மனிதர். எதுவும் கேட்காமல் கொடுத்தார். பழைய துணியில் பொதிந்த சட்டி ஒழுங்கையால் போனதைப் பார்த்த ஒருவருக்கு உள்ளே முட்டை தெரிந்துவிட்டது.

கீழே சிரட்டைத் தணல், மூடியின் மேலும் தணல். அருளம்பலத்தாருக்கு மூடியைத் தொடாமல் இருக்க முடியவில்லை. நாலு தரம் திறந்தார். "உப்பிடித் திறந்தால் அது எப்ப வேகிறது?" என்று அருந்ததி ஈர்க்குமாற்றால் அவரை விலக்கினாள்.

ஐந்தாம் தரம் திறந்தபோது வாசல் படலையில் தில்லைநாதன் நின்றார். நெற்றி நிறைய விபூதி. மூக்கு மட்டும் அடுப்படிக்குப் போயிருந்தது.

"முட்டை போட்டனியோ, அருளம்பலம்?"

"இல்லை, மனேச்சர் அண்ணை."

"வாயாலை சொன்னால் ஊர் கேட்குமோ? ஒரு துண்டு தா பாப்பம்."

ஒரு துண்டில் அவருக்கு நிச்சயமாகவில்லை. இரண்டாம் துண்டு ஓரத்தில், மா பொரிந்த இடத்தில். மூன்றாவதில் பாகு விரலால் வழிந்தது, அதையும் விசாரித்தார். அருளம்பலத்தார் சுவருக்குச் சுவர் நடந்தார். சட்டியின் அடி தெரிந்தபோதுதான் மனேச்சர் நிமிர்ந்தார்.

"முட்டை இல்லை. உது ஆற்றை சட்டி?"

பொய் சொல்ல அருளம்பலத்தாருக்கு நேரம் போதவில்லை. "செபமாலையின்ரை. நத்தார்ப் பெருநாளுக்கு முட்டை அடிச்சுக் கேக் சுடுற சட்டி."

மனேச்சர் தன் விரல்களைப் பார்த்தார். சட்டி தீட்டு என்றால் அந்தத் தீட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

"கழுவினனியோ?"

"மூண்டு தரம், புளி போட்டு."

"பிறகென்ன. இரும்புக்கு ஏது தீட்டு." சால்வையால் வாயைத் துடைத்தார். "மடத்துக்கு விடிய நாலு மணிக்கே வந்திடு. உந்தச் சட்டியை மட்டும் ஒழுங்கையிலை கொண்டு திரியாதை."

தேரன்று அருளம்பலத்தார் கிடாரத்துக்கு முன்னால் நின்றார். சாம்பாரைப் பற்றி ஊர் குறை சொல்லவில்லை. ஊருக்கு அது பெரிய பாராட்டு.

இப்போது கறுத்தக்கொழும்பான் ஓய்ந்துவிட்டது. கூப்பன் மாவும் முடிந்தது. செபமாலை படலையில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "உங்கடை பங்கைப் போட்டுத்தான் தருவன்" என்கிறார் அருளம்பலத்தார். சட்டி குசினி மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதைக் கடக்கும்போது மட்டும் அவர் நடை கொஞ்சம் வேகமாகிறது. செபமாலை கேக் சுடும் நத்தாருக்கு இன்னும் ஏழு கிழமை.