பத்தும் ஆறும்

விஜய ஆண்டில், அதாவது 1893இல், பூந்தமல்லிச் சாலைக்கு ஒன்பது மைல்கற்கள் வெட்டும் பணி நசரத்பேட்டைக் கல்தச்சர் நாகப்பனிடம் வந்தது. பதினோராம் மைல் தொடங்கிப் பத்தொன்பதாம் மைல் வரை. கோயில் தூண்களில் பழகிய கைக்கு அது எளிய வேலைதான்.

ஓவர்சியர் பரந்தாமன் கொடுத்த காகிதத்தில் மேலே ஆங்கில எண்ணும் கீழே தமிழெண்ணும் வரைந்திருந்தன. ஆங்கிலம் நாகப்பனுக்குத் தெரியாது; ஆகையால் அதைக் கோலம்போல் பார்த்துப் பிழையின்றி வெட்டினார். தமிழெண் தெரிந்திருந்ததே வம்பாயிற்று. திருமுல்லைவாயிற் கோயிற் சுவரைச் செப்பனிட்ட காலத்தில், பழைய கல்வெட்டுகளை விரலால் தடவித் தடவி எண் கற்றவர் அவர். அங்கே பத்துக்கு ௰ என்று தனிக்குறி உண்டு. பதினாறு என்றால் ௰௬. காகிதத்திலோ ஆங்கில முறைப்படி ௧௬ என்றிருந்தது. எழுதியவர் தவறிவிட்டார் என்று இரங்கி, ஒன்பது கல்லிலும் திருத்தி வெட்டினார்.

கற்களைப் பார்க்க வந்த பரந்தாமன் பதினாறாம் கல்லின்முன் நின்றார்.

"இன்னா நாகப்பா இது? காயிதத்துல கீற மாதிரி தானே வெட்டச் சொன்னேன்?"

"காயிதத்துல ஒண்ணும் ஆறும் கீதுங்க. கூட்டுனா ஏழு. ஏழு மைலுன்னு நம்பி வண்டி ஓட்டுனா மாடு நாக்குத் தள்ளிப்பூடும்."

"நீ இன்னா, ராசாவுக்குச் சாசனம் வெட்றியா? வர்ற வெள்ளி என்ஜினீயர் தொரை வர்றாரு. அதுக்குள்ள மாத்து. இல்லாங்காட்டி ஒம்போது கல்லும் உன் ஊட்டுக்கு வேலி. இந்த ரோட்டுல உனக்கு இனிமே உளி வேலையே கெடையாது."

ஏட்டில் எழுத்தை அடிக்கலாம், கல்லில் இயலாது. வெட்டிய எண்ணை நீக்க முகம் முழுவதையும் ஒரு விரற்கடை செதுக்கி இறக்க வேண்டும். அப்போது கனம் குறைந்து அளவில் தோற்கும். நாகப்பன் உளியைத் தொடாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுவந்த மனைவி கன்னியம்மாள் பொறுமையிழந்தாள்.

"இன்னாய்யா, எழவு ஊட்டுல குந்திகினு கீற மாதிரி கீற? கல்லுக்கு ஒரு மூஞ்சி தானா? பொரட்டிப் போட்டு வெட்டேன்."

முதுகுப்புறம் கொத்தாமல் கரடுமுரடாகக் கிடந்தது. நாகப்பன் அதைச் சமன்செய்து, காகிதத்தில் கண்டபடியே மேலே ஆங்கில எண்ணும் கீழே ௧௬ என்றும் வெட்டினார். மற்ற எட்டும் அவ்வாறே. வெள்ளிக்கிழமை காலைக்குள் புதுமுகம் சாலையையும் பழைய முகம் வயலையும் பார்க்க, ஒன்பதும் நடப்பட்டன.

துரை குதிரையைவிட்டு இறங்கவில்லை. காகிதத்தையும் கல்லையும் ஒத்துப் பார்த்துத் தலையசைத்துப் போனார். பின்னால் நடந்து வந்த பரந்தாமன் வரப்பில் இறங்கி மறுபுறத்தை எட்டிப் பார்த்தார்.

"இத்த அழிக்கலியா?"

"அது வயக்காட்டுக்குங்க. அங்க வண்டி வராது."

பரந்தாமன் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு குதிரையின் பின்னே விரைந்தார்.

மறு ஆண்டு இருபதாம் மைலிலிருந்து வேலை வந்தது. காகிதத்தில் ஒரு முகமே வரைந்திருந்தது. நாகப்பன் அதை முதலில் வெட்டி முடித்தார். பிறகு கல்லைப் புரட்டி, முதுகைச் சமன்செய்யத் தொடங்கினார்.