மாமாவின் அமெரிக்கச் சட்டம்

கதவு தட்டினால் மாமா கக்கூசுக்குப் போவார்.

அப்போது நாங்கள் சிட்னியில், லிட்கமில் இருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. வாடகை வீடு. கக்கூஸ் பின்வளவில் வேலியோடு ஒட்டித் தனியாக நின்றது. முன்கதவில் யாராவது தட்டினால் மாமா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பின்கதவால் போய்விடுவார். தட்டினவர் போனபிறகு அம்மா குசினி யன்னலில் நின்று இருமுவா. மாமா திரும்பி வருவார். மாமாவுக்கு வயிறு சரியில்லை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். பால்காரன் வந்தாலும் சரியில்லாமல் போகிற வயிறு.

மாமா அம்மாவின் தம்பி. எங்களைப் பார்த்துவிட்டுப் போக என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். போகவில்லை. விசா முடிந்துவிட்டது. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். அண்ணாவுக்கும் எனக்கும் தெரியாது. செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் மாமா வேலை செய்தார். பேர் கேட்காத வேலை என்று அப்பா சொல்லுவார். அது நல்ல வேலையாக்கும் என்று நினைத்தேன்.

எங்களிடம் ஒரு பழைய ரீவி இருந்தது. கறுப்பு வெள்ளை. வியாழக்கிழமை பின்னேரம் அமெரிக்கப் பொலிஸ் நாடகம் ஒன்று போகும். மாமா அதற்கென்று முகம் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருப்பார். துரத்துவார்கள், சுடுவார்கள், கார் கவிழும். அந்த நேரமெல்லாம் மாமா எங்களோடு பகிடி விட்டுக்கொண்டிருப்பார். கள்ளனைப் பிடித்துக் காரில் சாய்த்து விலங்கு போட்டதும் கையைத் தூக்குவார். யாரும் மூச்சு விடக்கூடாது. அப்போதுதான் அமெரிக்கப் பொலிஸ்காரன் அந்த நாலு வரியைச் சொல்லுவான். மாமா கூடவே தமிழில் சொல்லுவார்.

"வாய் திறக்காமல் இருக்க உமக்கு உரிமை இருக்கு. திறந்தால், சொன்னதெல்லாம் கோட்டிலை உமக்கு எதிரா வரும். வழக்குப் பேச அப்புக்காத்து வைக்கலாம். வைக்க வழியில்லையெண்டால் அரசாங்கமே பிடிச்சுத் தரும்."

இது அண்ணாவுக்கும் எனக்கும் மனப்பாடம். தேவாரம் அவ்வளவு பாடமில்லை.

ஒருநாள் தேத்தண்ணிக்கு வைத்திருந்த ரின்பால் ரின் வெறுமையாகப் பின்வளவில் கிடந்தது. மாமா உடனே கோட் வைத்தார். அவர் நீதவான். நான் பொலிஸ். அண்ணாதான் கைதி, ஏனென்றால் வேறு ஆள் இல்லை. நான் நேரே போய், நீங்களா குடித்தது என்று கேட்டேன். அண்ணா ஓம் என்றார். வழக்கு முடிந்தது என்று நான் போய் இருந்துவிட்டேன். மாமா அப்பாவின் குடைப்பிடியால் மேசையில் தட்டினார்.

"கேக்க முதல் அந்த நாலு வரியும் வாசிச்சனியோ, பிள்ளை?"

இல்லை என்றேன்.

"வாசிக்காமல் வாங்கின வாக்குமூலம் செல்லாது. வேற சாட்சி?"

அதுவும் இல்லை.

"அப்ப ஆளை விடு."

அண்ணா பல்லைக் காட்டிக்கொண்டு எழும்பிப் போனார். நான் அழுதேன். குடித்தது அவர்தான். தன் வாயாலேயே சொல்லியும் விட்டார். பிறகு எப்படி விடுகிறது? மாமா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்து விளங்கப்படுத்தினார். முந்தி ராசாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் அடித்து அடித்துக் கேட்பார்களாம். அடி தாங்காமல் எவனும் ஓம் என்பானாம். அதுக்குப் பயந்து கடல் தாண்டிப் போன சனம் அமெரிக்காவில் சட்டம் எழுதியபோது அந்தப் பயத்தை மறக்காமல் எழுதினார்களாம். குற்றம் செய்தவன் என்று காட்டுவது பொலிசின் வேலை. செய்யவில்லை என்று காட்டுவது உன் வேலை இல்லை. அங்கே பெரிய வழக்கென்றால் நீதவான் மட்டும் போதாதாம். கடைக்காரன், பஸ் ஓட்டுகிறவன், பாண் சுடுகிறவன் என்று பன்னிரண்டு சாதாரண சனம் கூடி இருந்து கேட்க வேண்டுமாம். தங்கள் நாட்டுத் தலைவரையே கதிரையால் இறக்கின சட்டம் என்று முடித்தார்.

இங்கேயும் அப்படியோ என்று கேட்டேன்.

வெள்ளைக்காரன்தானே, எல்லாம் ஒன்றுதான் என்றார் மாமா. இங்கிலீஷ் கதைக்கிற இடமெல்லாம் ஒரே சட்டம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நானும் அப்படியே நினைத்தேன்.

மாமாவின் இடது கைச் சின்னவிரல் மடங்காது. ஊரில் ஒருமுறை அவரைப் பொலிஸ் கொண்டுபோனதாம். விரலுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், "எங்கை, அந்த நாலு வரியைச் சொல்லு பாப்பம்" என்பார். நான் சொல்லுவேன். பிழைவிடாமல் சொன்னால் அந்த விரலாலேயே என் மூக்கில் தட்டுவார்.

அம்மா அந்த நாடகம் பார்ப்பதில்லை. அவவுடைய சட்டம் வேறு. விடிய எழும்பித் தலைக்கு முழுகிச் சாமிக்குப் பூ ஆய வேண்டும். ஊரில் யார் வீட்டு வேலியில் பூத்தாலும் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிற பூவை ஆயலாம். வீட்டுக்காரர் கண்டால், உள்ளே நிற்கிறதையும் ஆய்ந்துகொண்டு போங்கோ என்பார்கள். லிட்கமில் எங்கள் தெரு மூலை வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்காரி தனிய இருந்தா. வேலி முழுக்கச் செவ்வரத்தை. அம்மா விடிய ஓலைப்பெட்டியோடு போவா. வேலிக்குள்ளே கை விடமாட்டா. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆய்வா. செருப்போடு ஆய்ந்தால்தான் பிழை. களவு என்ற நினைப்பே அவவுக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். மாமா சாரம் கட்டினபடியே இருந்து பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு தட்டிக் கேட்டது. மாமா போய்விட்டார். நான்தான் கதவைத் திறந்தேன்.

பொலிஸ்காரர். இளம் ஆள். தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார். காதிரண்டும் வெயிலில் சிவந்திருந்தன. அம்மா இருக்கிறாவா என்று கேட்டார். அம்மா வந்தா. வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் கதிரை. இழுத்துப் போட்டா. தேத்தண்ணி குடிக்கிறாரோ கேள் என்றா. வேண்டாமாம் என்றேன். அம்மா போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்தா. அவர் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு நேர் எதிரே சாமித் தட்டு. முருகன் படத்துக்கு மேலே அன்று ஆய்ந்த செவ்வரத்தம்பூக்கள், பெரிசு பெரிசாக. அவர் பூவைப் பார்த்தார். தேத்தண்ணியைப் பார்த்தார். பிறகும் பூவைப் பார்த்தார்.

மூலைவீட்டு அம்மா முறைப்பாடு செய்திருக்கிறாவாம். விடிய விடியப் பூ போகிறதாம். நீளமாக ஏதோ உடுத்த ஆளைத் தூரத்தில் கண்டாவாம். சின்ன விசயம்தான் என்றார் பொலிஸ்காரர். ஆனால் முறைப்பாடு எழுதியாயிற்று. அம்மா ஒருக்கால் ஸ்ரேசனுக்கு வந்து சார்ஜன்டோடு கதைத்தால் நல்லது என்றார். அம்மாவுக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. நான் தமிழில் சொன்னேன்.

"அம்மா, உங்களைப் பொலிஸ் ஸ்ரேசனுக்கு வரட்டாம்."

"என்னையோ?"

அம்மா சுவரில் கை வைத்தா. எனக்கு ஏன் என்று தெரியவில்லை. ஸ்ரேசன் பக்கத்தில்தான். றெயில்வே பாலத்தைத் தாண்டினால் சரி. நானும் போகலாமா என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணா என் காதுக்குள் வந்து, இன்னும் வாசிக்கேல்லை என்றார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போது எழும்புவார், எப்போது அந்த நாலு வரியைச் சொல்லுவார் என்று.

அப்போது பின்கதவு திறந்தது.

அம்மா இருமவில்லை. ஆனாலும் மாமா வந்தார். வெறுங்கால், சாரம், நனைந்த கை. பொலிஸ்காரருக்கு முன்னால் வந்து நேரே நின்று இங்கிலீஷில், பூ ஆய்ந்தது நான்தான் சேர் என்றார்.

மாமா பூ ஆய்ந்ததே இல்லை. செவ்வரத்தை எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. அவரை யாரும் கேட்கவுமில்லை. வாய் திறக்காதே என்று எங்களுக்குப் படிப்பித்த மனிசன் கேட்காததற்கு வாய் திறக்கிறார்.

"தம்பி, என்ன இது, நான்தானே..." என்றா அம்மா.

மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அக்கா, நீங்கள் பேசாமல் இருங்கோ."

பொலிஸ்காரர் மாமாவின் சாரத்தைப் பார்த்தார். நீளமான உடுப்புத்தான். பேர் என்ன என்றார். மாமா தகப்பன் பேரோடு சேர்த்து முழுப்பேரும் சொன்னார், பள்ளிக்கூடத்தில் சொல்லுகிறமாதிரி. இங்கே எவ்வளவு காலம் என்றார். அதையும் சொன்னார். பாஸ்போட் இருக்கா என்றார். இருக்கு என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பணிந்து மற்றக் கதிரையில் இருந்தா. பூவுக்கும் பாஸ்போட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா என்னைப் பார்த்தார்.

மாமா உடுப்பு மாற்ற அனுமதி கேட்டார். சாரத்தோடு ஸ்ரேசனுக்குப் போக முடியாதாம். பொலிஸ்காரர் ஓம் என்றுவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். மாமா பிளேனில் வரும்போது போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு சீப்பால் தலை இழுத்து வந்தார். விலங்கில்லை. காரில் சாய்க்கவுமில்லை. முன்சீற்றில் இருக்கச் சொன்னார்கள். அதுவும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அக்கா, போட்டு வாறன்" என்றார் மாமா.

அண்ணா வாயைப் பொத்திக் காட்டினார், இனியாவது பேசாதேங்கோ என்கிறமாதிரி. மாமா சிரித்தார். கார் போய்விட்டது. கடைசிவரைக்கும் அந்தப் பொலிஸ்காரர் வாசிக்கவில்லை.

எங்களுக்கு அப்போதுதான் விளங்கினமாதிரி இருந்தது. மாமா கெட்டிக்காரர். வாசிக்க முதல் வேண்டுமென்றே முந்திச் சொல்லிவிட்டார். அந்த வாக்குமூலம் செல்லாது. அம்மாவும் தப்பினா, மாமாவும் தப்பினார். ரின்பால் வழக்கேதான். பின்னேரம் வந்துவிடுவார் என்று அண்ணா சொன்னார். நான் மாமாவின் பிட்டை மூடி வைத்தேன்.

பின்னேரம் அப்பாதான் வந்தார். விசயத்தைக் கேட்டதும் சப்பாத்தும் கழற்றாமல் ஸ்ரேசனுக்குப் போனார். இருட்ட முதல் தனியாகத் திரும்பினார். பூ விசயத்துக்குச் சார்ஜன்ட் சிரித்துவிட்டு விட்டுவிட்டாராம். "மற்ற விசயம்தான்" என்றார் அப்பா. அதற்கு மேல் எங்களுக்கு முன்னால் கதைக்கவில்லை. எது மற்ற விசயம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பூ ஒன்றுதானே போனது.

"பூ ஆய்ஞ்சது நீதான் எண்டு வாய் திறந்தனியோ?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"என்னை விடேல்லை. பொம்பிளை பொலிசுக்குப் போறதோ எண்டு வந்திட்டான்" என்றா அம்மா.

பொம்பிளை போனால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே தேத்தண்ணி கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் பக்கத்தில் போய், பயப்பிடாதேங்கோ, அவர் வாசிக்கேல்லை, மாமா சொன்னது செல்லாது என்றேன். அண்ணாவும் சாட்சி சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தனாங்கள், ஒரு வரியும் வாசிக்கேல்லை என்று.

அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தினா.

"ஓம் பிள்ளை. வாசிக்கேல்லைத்தான்" என்றா.

சில கிழமைக்குப் பிறகு மாமா ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். எங்களிடம் சொல்லாமலே. கோபமாக இருந்தது. ஊரில் மாமாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அங்கே எல்லாரும் இருக்கினம் என்றார் அப்பா. அது எனக்கு நல்ல பதிலாகப் பட்டது. அவருடைய சாரம் கொடியில் கொஞ்சநாள் தொங்கியது.

ஒருநாள் மூலைவீட்டு அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றா. கை நிறையச் செவ்வரத்தம்பூ. கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்று சொன்னா. அந்தப் பெடியனை அனுப்பிவிட்டார்களாமே என்று கேட்டா. அவவின் கண் கலங்கியிருந்தது. அம்மா பூவை வாங்கினா. கதிரை இழுத்துப் போட்டா. தேத்தண்ணி கொடுத்தா. அவ போனபிறகு பூவைக் குசினியில் ஒரு கிளாசில் வைத்தா. சாமிக்கு வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அது அவவின்ர பூ என்றா. ஆய்ந்தபோதும் அவவின் பூத்தானே. எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா விடிய வெளியே போகவில்லை. முருகனுக்குப் பிளாஸ்ரிக் பூ வந்தது.

நாங்கள் வியாழக்கிழமைகளில் நாடகம் பார்ப்பதை விடவில்லை. மாமாவின் கதிரையை அப்படியே விட்டுவிட்டு நிலத்தில் இருந்து பார்ப்போம். கதவு தட்டினால் நானும் அண்ணாவும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். இப்போது கக்கூசுக்குப் போக ஆளில்லை.

விலங்கு போட்டதும் நான் கையைத் தூக்குவேன். அண்ணா அந்த நாலு வரியைத் தமிழில் சொல்லுவார். அது தொடங்கும் நேரம் அம்மா எழும்பிக் குசினிக்குப் போவா. யன்னலடியில் நின்று இருமுவா. தடிமன் என்று நினைத்தேன்.