அமுக்கி அளந்த சீஸ்

சமையல் குறிப்பில் ‘ஒரு கப் சீஸ்’ என்று சொல்கிறவர்களை நிற்க வைத்து உதைக்க வேண்டும். உதிரியாகவா, அமுக்கியா? சொல்ல மாட்டார்கள். கிராமில் சொன்னால் வாய் கோணிவிடுமா? என் தங்கையின் பிழைப்பு இதில்தான் கெட்டது.

ஆட்டையாம்பட்டியில் அவள் வீட்டோடு விசைத்தறி. பகல் முழுக்கத் தறியடியில் நிற்பாள். பஞ்சுத் தூசியால் இருமல் விட்டபாடில்லை. தறியை விட்டுவிட்டுச் சமைத்து விற்கலாம் என்று ஒரு ஓவன் வாங்கினாள். டவுனுக்குள் அஸ்தம்பட்டியில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி, மக்ரோனியில் சீஸ் போட்டு ஓவனில் வேகவைத்து எடுத்து வரச் சொன்னார். பிடித்துப் போனால் தினமும் அவளிடமே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

செல்போனில் வீடியோ பார்த்துச் செய்தாள். துருவிய சீஸ் இரண்டு கப் என்றார்கள். எங்கள் பக்கம் அடுத்தவருக்கு அரிசியோ மாவோ அளந்து கொடுத்தால் தட்டி, அமுக்கி, மேலே கூம்பாகக் குவித்துத்தான் கொடுப்போம். விளிம்போடு வழித்துக் கொடுத்தால் கேவலம். சீஸையும் அப்படியே அளந்தாள்.

“இன்னும் ரெண்டு கை போடு புள்ள. டவுன்காரங்க நம்மளக் கஞ்சம்னு சொல்லிரப் போறாங்க” என்றார் அவள் வீட்டுக்காரர்.

“உங்கூட்டு விருந்துல வடை பத்தாமப் போச்சே, அந்த மாதிரி ஆவாதுங்க” என்றாள்.

பக்கத்தில் நின்ற எனக்கும் சிரிப்புத்தான். கப்புக்கு எத்தனை கிராம் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

வண்டியில் நான்தான் கூட்டிப் போனேன். மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய் மிதந்தது. கடைக்காரப் பெண்மணி ஒரு வாய் வைத்தார். ரொம்ப நேரம் மென்றார்.

“நல்லாருக்குங்க. நானே கூப்புடறனுங்க.”

கூப்பிடவே இல்லை. சீஸ் அதிகம், உப்புக் கரிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மரியாதையாகப் பேசியே கழுத்தை அறுத்துவிட்டார். தனக்குச் சமைக்கவே வராது என்று தங்கை முடிவு கட்டிக்கொண்டாள். ஓவன் மேல் நூல் கோன்களை அடுக்கினாள்.

போன மாதம், டாக்டர் சோற்றை எடை போட்டுத் தின்னச் சொன்னதால் ஒரு சின்னத் தராசு வாங்கினேன். என் மகள் அதே மக்ரோனியைக் கேட்டாள். ஏதோ கடுப்பில் சீஸை நிறுத்துப் பார்த்தேன். உதிரியாகப் போட்டால் ஒரு கப் நூறு கிராம் சொச்சம். தங்கை மாதிரி அமுக்கிக் குவித்தால் ஏறக்குறைய இருநூறு.

மறுநாளே தங்கையிடம் ஓடினேன். தறியை நிறுத்திவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள்.

“உன்ற கையில தப்பில்ல அம்மிணி. அளவுலதான். பாதி போட்டிருந்தாப் போதும்.”

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், மடையன்.

“அவ்வளவுதானுங்களாண்ணா?”

“அவ்வளவுதான். மறுபடி செஞ்சு அந்தம்மாகிட்டக் குடுக்கலாம் வா.”

“அந்தக் கடையே இல்லீங்ணா. இப்ப அங்க செருப்பு விக்கறாங்க.” முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “எனக்குக் கைப்பக்குவம் இல்லீன்னு மனசத் தேத்தி வெச்சிருந்தேன். இப்ப வந்து இதச் சொன்னா நான் என்னத்தச் சொல்லித் தேத்திக்கறதுங்ணா?”

இருமிக்கொண்டே போய்த் தறியை ஓட விட்டாள். அதற்கு மேல் அங்கே யார் பேசினாலும் காதில் விழாது.