சுவருக்கு மட்டும் இன்சூரன்ஸ்

புத்தூரில் நாங்கள் கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு வங்கியே இன்சூரன்ஸ் போட்டிருந்தது. போன கோடையில் மின்கசிவால் தீப்பிடித்து, நான் பிழைப்புக்கு வைத்திருந்த தையல் மெஷின், டிவி, துணிமணி எல்லாம் கருகிவிட்டன. நானும் மகளும் வெளியே போயிருந்ததால் தப்பினோம்.

குவைத்தில் வேலை பார்க்கும் கணவர் போனில், “இன்சூரன்ஸ் இருக்குதே, இன்னாத்துக்கு அழுவுற?” என்றார்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார். “பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தாம்மா. சாமானுக்குத் தனியா போட்டிருக்கணும்.”

“சொவத்தையா சார் நாங்க கட்டிக்கினு பொழைக்கிறோம்?” என்று கத்தியே விட்டேன்.

கடைசியில் பெயிண்ட் அடிக்க மட்டும் பணம் வந்தது. வெறும் வீடு பளபளவென்று நின்றது.

இப்போது மறுபடி வாங்கிப் போட்ட சாமான்களுக்கும் பாலிசி எடுத்திருக்கிறேன். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பொருளையும் தொட்டுக் காட்டி, “இதுக்கு உண்டா?” என்று ஏஜென்ட்டைக் கேட்டேன். அவருக்கு அலுத்துப்போனது, எனக்கு அலுக்கவில்லை.